விதை ஊரில் இருக்கிறது

எங்கள் வீட்டு வாசல் நிலையின் மேற்கட்டையில் ஒரு பிடி நெற்கதிர் தொங்குகிறது. காய்ந்து வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. குருவி கொத்தியது போக மணி கொஞ்சம்தான் மிச்சம். தக்கலையில் எங்கள் தெரு முழுக்கச் சபைக் குடும்பங்கள். வேறு எந்த வாசலிலும் இப்படி ஒன்று கிடையாது. புதிதாக மாற்றலாகி வரும் போதகர் ஒவ்வொருவரும் ஜெபம் முடித்துப் படி இறங்கும்போது அதை அண்ணாந்து பார்ப்பார். "இது இந்துக்க ஆடி மாசம் கட்டுத நிறைக்கதிர் இல்லியாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். இது எங்கள் அண்ணன் என்று சொல்ல வாய் வரும். சொன்னால், கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அடுத்த ஞாயிறே எனக்காக விண்ணப்பம் ஏறெடுத்துவிடுவார்கள். "அழகுக்குக் கெட்டினது ஐயா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அண்ணன் கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டு வந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். எங்கள் பக்கத்தில் படித்தவன் என்றால் வாத்தியார், இல்லாவிட்டால் கம்பவுண்டர். நெல்லைப் படித்துவிட்டு வந்தவனை என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. நெல்லில் படிக்க என்ன இருக்கிறது என்று அப்பாவே கேட்டார். அந்த நேரத்தில் சமஸ்தானத்து இலாகா நாஞ்சில் நாட்டு ஊர் ஒன்றில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையைத் தொடங்கி, அண்ணனை அதற்குச் சூப்பிரண்டு ஆக்கியது. ஆராய்ச்சிப் பண்ணை என்றதும் நான் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஒரு ஓட்டு வீடு, ஒரு கொட்டகை, ஏற்றம் வைத்த ஒரு கிணறு, கொஞ்சம் வயல். பிறகு ஒரு பலகை. பலகை மட்டும் நன்றாக இருந்தது. அம்மா இறந்துபோயிருந்தாள், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் மாப்பிள்ளை அமையவில்லை. ஆகவே சோறு பொங்கிப் போட என்னை அவனுடன் அனுப்பினார்கள்.

அந்த ஊர் வெள்ளாளர் ஊர். நாங்கள் மேற்கிலிருந்து வந்த வேதக்காரர்கள். எங்கள் கிணற்றில் அவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அவர்கள் வாசலுக்குள் நாங்கள் போக முடியாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வழியில் கண்டால் அண்ணனுக்கு ஒதுங்கி நின்று மரியாதை கொடுப்பார்கள். அந்த மரியாதைக்கும் எங்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வரப்பு அகலம் இருந்தது. வேலைக்கு வரும் ஆட்கள் மாலையில் போய்விட்டால் எங்களிடம் பேச மைனாவும் தவளையும்தான். நான் பேசித் தீர்க்கிற ஜென்மம், எனக்கு அது சிறை. அண்ணன் பேசாத ஆள், அவனுக்கும் அது சிறைதான் என்று எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. ஒரு சந்தேகம் என்றால் பக்கத்தில் கேட்க அவனுக்கு ஒருவரும் இல்லை. தபாலில் கேட்பான். கோயம்புத்தூரிலிருந்து பதில் வருவதற்குள் அறுப்பு முடிந்திருக்கும். வடக்கே பெரிய நிலையங்களில் நூறு பேர் கூடி உட்கார்ந்து பேசுகிறார்களாம் என்று ஒரு நாள் சொன்னான். சொல்லிவிட்டு, பேச ஆள் இருக்கிறதே பெரிய கருவி என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் செய்த வேலை இதுதான். ஊர்க்காரர்களுக்குப் பிடித்த நெல் கட்டிச்சம்பா. சோறு ருசி, வைக்கோல் நீளம், ஆனால் விளைய நாள் ஆகும். மழை பிந்தினால் போச்சு. குறுவை சீக்கிரம் விளையும், ஆனால் அந்தச் சோற்றை அவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள். இரண்டையும் இணைத்து, சீக்கிரம் விளைகிற ருசியான நெல் ஒன்றை உண்டாக்க வேண்டும். நெற்பூ திறப்பதற்கு முன்பே, விடிந்ததும் விடியாததுமாகப் போய், பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளை ஊசியால் எடுத்துவிட்டு, மற்ற நெல்லின் மகரந்தத்தைத் தூவி, கதிருக்கு எண்ணெய்க் காகித உறை போட வேண்டும். அண்ணனுக்குக் கண்ணாடி போட்டும் பக்கத்துப் பொருள் தெளிவாகத் தெரியாது. ஊசி வேலை என் தலையில் விழுந்தது. உறை ஒட்டுவதும் நான்தான். காகிதக் குல்லா போட்ட கதிர்களைப் பார்த்து ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஏட்டி, நெல்லுக்குச் சட்டை எப்பம் தைக்கப் போற?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்காகவாவது ஒருத்தி பேசினாளே என்று எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

இணைத்துவிட்டால் வேலை முடியாது, அங்கேதான் தொடங்கும். பிறக்கிற நெல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வருஷா வருஷம் பொறுக்கி, பிரித்து, தனித்தனிப் பாத்தியில் விதைத்து, ஒவ்வொரு பாத்திக்கும் தகரத்தில் நம்பர் எழுதிக் குச்சியில் அடித்து நட வேண்டும். பெயர் கிடையாது, நம்பர்தான். மூன்றாம் நம்பர் ரொம்ப நெட்டை, ஏழாம் நம்பர் இலை குத்திட்டு நிற்கும், பதினொன்று முதலில் பூக்கும். அண்ணன் அவற்றைப் பற்றி வீட்டு மனிதர்களைப் போலப் பேசுவான். "ஏழு இந்தக் காத்துக்குத் தாங்கிட்டு, பாத்தியா?" என்பான். நின்றால்தான் அடையாளம் தெரியும், அறுத்துக் குவித்துவிட்டால் எல்லாம் ஒரே நெல் என்றும் சொல்வான்.

பலன் ஒன்றும் காணோமே, பண்ணை எதற்கு என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. அந்த ஆண்டுக் கன்னிப்பூவில், அதாவது சித்திரையில் விதைத்து ஆவணியில் அறுக்கிற முதல் போகத்தில், தேறிய விதையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பண்ணையை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த விதை அவ்வளவையும் அண்ணன் பாத்திகளில் விதைத்தான். கொட்டகையில் மிச்சம் வைக்கவில்லை. அவனுடைய வாலிபம் முழுவதும் அந்தக் கொஞ்சம் வயலில் நின்றது.

அந்த வருஷம் மழை பிந்தியது. அணைத் தண்ணீரும் பிந்தியது. ஊரெல்லாம் தாமதித்து விதைத்தார்கள். எங்களுக்கு ஏற்றம் இருந்ததால் நேரத்தில் விதைத்தோம். ஆடி பிறந்தபோது ஊர் வயல் பச்சைப் பசேல் என்று இருக்க, நடுவில் எங்கள் பாத்திகள் மட்டும் பழுத்து மஞ்சளாக நின்றன. அண்ணன் போட்ட கணக்கு பலித்துவிட்டது. அன்று அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆடியில் அந்த ஊர்களில் நிறை கொண்டாடுவார்கள். ஊர் வயலில் முதலில் விளைந்த கதிரை அறுத்து அம்மன் முன்னால் வைத்து, பிறகு வீட்டு வாசலில் கட்டுவார்கள். அது கட்டினால்தான் அந்த வருஷம் நெல் கொட்டுகிற பத்தாயம் நிறையும். நிறைக்கு முந்தின நாள் சாயங்காலம், கோயில் காரியங்களைப் பார்க்கிற ஊர் முதலடி, இன்னும் நாலைந்து பெரியவர்களோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அத்தனை வருஷத்தில் எங்கள் முற்றத்தை அவர்கள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"சாரே, ஊருல வெளஞ்சு நிக்கது உம்ம வயலு ஒண்ணுதான். நாளைக்கு அம்மைக்கு ஒரு பிடி கதிரு வேணும். இல்லேண்ணு சொல்லப்பிடாது."

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியபோதுகூட அப்படி இருக்கவில்லை. "அதுக்கென்ன அண்ணாச்சி, அந்த ஓரத்துப் பாத்தியில எடுத்துக்கிடுங்க" என்றான். அது கழித்துப்போட்ட பாத்தி, விதைக்கு ஆகாதது. முதலடி கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணனுக்குப் பதிலுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பதால் அவர்கள் சொல்லவில்லை. அம்மனுக்குக் கதிர் கொடுத்த வயல் அன்றைக்கு ஊர் வயல். அம்மனுக்கு ஒரு பிடி எடுத்த பிறகு ஒவ்வொரு வீடும் அதே வயலிலிருந்து ஒரு பிடி எடுத்து, அம்மன் முன்னால் ஒன்றாகக் குவித்து, பிறகு ஆளுக்கொரு பிடியாக வீட்டுக்குக் கொண்டுபோகும். எடுக்காவிட்டால் வயலுக்கு உடையவருக்குத்தான் குறை. அண்ணனுக்குக் குறை வந்துவிடக்கூடாது என்று அவர்கள் ஒரு வீடு பாக்கி இல்லாமல் வந்து எடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் விடியுமுன் கிளம்பி நாகர்கோவில் சபைக் கோயிலுக்கு ஆராதனைக்குப் போய்விட்டோம். அண்ணன் அன்று பாட்டைச் சத்தமாகப் பாடினான். திரும்பி ஊருக்குள் நடந்து வரும்போது முதல் வீட்டு வாசலில் மாவிலையோடு கதிர் கட்டியிருந்தது. "நம்ம நெல்லு மக்கா" என்று சிரித்தான். அடுத்த வீட்டிலும் இருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் இருந்தது. தெரு பாதி வருவதற்குள் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. நடை வேகமாகி, கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். வெயிலில், செருப்பில்லாத காலோடு, அத்தனை வாசலிலும் தொங்குகிற தன் நெல்லின் நடுவே அவன் ஓடியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

வயல் மொட்டையாக இருந்தது. ஒரு வரப்பும் சிதையவில்லை. நம்பர் எழுதிய குச்சிகளை ஒன்றுகூட ஒடிக்காமல் பிடுங்கி, யார் காலிலும் படாதபடி வரப்பு மூலையில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடுக்கைப் பார்த்துத்தான் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். எங்கள் வீட்டு வாசலில், மாவிலை வைத்து, மற்ற எல்லாக் கட்டுகளையும்விடப் பெரிய கட்டு ஒன்று தொங்கியது. வயலுக்கு உடையவன் பங்கு.

சாயங்காலம் முதலடி மறுபடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "ஊருக்கே நிறை குடுத்த வயலாக்கும் சாரே உமக்க வயலு. எங்க பிள்ளையள்ல ஒருத்தன்தான் நீரு இனி" என்றார். அண்ணன் எழுந்து நின்று, "சந்தோஷம் அண்ணாச்சி" என்றான். அவர் போனதும் நான் சண்டைக்கு நின்றேன். வீடு வீடாகப் போய்க் கேள், விஷயத்தைச் சொல், கொடுக்காமலா போவார்கள் என்று கத்தினேன்.

"எந்த வீட்டுல எந்த நம்பரு இருக்குண்ணு ஆருக்கு மக்கா தெரியும்? எல்லாம் அம்ம முன்னால ஒண்ணாக் குமிஞ்சு போச்சு." பிறகு மெதுவாக, "அதுமில்லாம, வாசல்ல கெட்டுனத அவுத்துத் தாங்கண்ணு எப்பிடிக் கேக்க? அவிய இப்பந்தான் நம்ம முத்தத்துக்கு வந்திருக்காவ" என்றான். ஊரில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் அடங்க வருஷங்கள் ஆயின.

மேலதிகாரி ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்து அறுத்த தாள் மட்டும் நின்ற வயலைப் பார்த்தார். விதை எங்கே என்று கேட்டார். "விதை ஊரில் இருக்கிறது" என்றான் அண்ணன். தன்னைக் கேலி செய்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார். வாசலில் தொங்கிய கட்டிலிருந்து மறுபடி பொறுக்கிப் பிரிக்கலாம், இன்னும் சில வருஷங்கள் கொடுங்கள் என்று அண்ணன் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. பண்ணையை மூடினார்கள். கொட்டகையை ஏலம் போட்டார்கள். அண்ணனைத் திருவனந்தபுரத்தில் ஆபீசுக்கு மாற்றி உரம் சம்பந்தப்பட்ட காகிதங்களைப் பார்க்கச் சொன்னார்கள். பலகையை யாரோ தொழுவத்துக்குக் கதவாக எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கல்யாணமாகித் தக்கலைக்கு வந்தேன். அண்ணன் கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை. ஒரு வாடகை அறையில் தானே பொங்கித் தின்றான்.

சில வருஷம் கழித்து ஓர் ஆடியில் நாகர்கோவிலில் ஒரு சாவுக்கு வந்தவன், திடீரென்று அந்த ஊருக்குப் போகலாமா என்றான். பஸ்ஸில் போனோம். வயல்கள் பச்சையாகக் கிடந்தன. ஆனால் எல்லா வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் கதிர்கள் முந்திக்கொண்டு தலை சாய்த்து நின்றன. முதலடி நன்றாகத் தளர்ந்திருந்தார். எங்களைக் கண்டு சந்தோஷப்பட்டுவிட்டு, பிறகு அலுத்துக்கொண்டார். "பழைய நிறைக்கதிர விதைநெல்லுல உதுத்துப் போடுத வழக்கம்லா நமக்கு. எங்க கெடந்தோ ஒரு கலப்பு வந்து ஏறீட்டு சாரே. போட்ட நெல்லுக்கு முந்தி முத்தி உதுந்து போவுது. களஞ்சு எறியலாம்ணா மனசு வரல்ல. எந்த வருசம் மழ பிந்தினாலும் நிறைக்குக் கதிரு கெடச்சிருது."

அண்ணன் வரப்பில் இறங்கினான். ஒரு கதிர் முன்னால் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். "ஏழு" என்றான். நாலு எட்டு தள்ளி இன்னொன்று. "இது மூணு மக்கா. நெட்டையப் பாரு." காணாமற்போன பிள்ளைகளைச் சந்தையில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறவன்போல வரப்பெல்லாம் நடந்தான். முதலடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடுத்துக்கொண்டு போ, நாலு கதிராவது எடுத்துக்கொள் என்றேன். "ஆபீசுல எங்க வெதைக்க?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான். யுத்தம் தொடங்கின வருஷம் காய்ச்சலில் அந்த வாடகை அறையிலேயே போய்விட்டான். பக்கத்து அறைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது நெல் ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் எவ்வளவோ வந்துவிட்டது. மாடிக் கட்டடங்கள், கண்ணாடி அறைகள், குளிரில் விதையைக் காக்கிற பெட்டிகள். கூட்டம் கூடிப் பேசுகிறார்கள் என்று செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். படத்தில் நிற்கிறவர்களை எண்ணிப் பார்ப்பேன். அண்ணனுக்கு அதில் ஒரே ஒரு ஆள் போதுமாயிருந்தது.

ஆடி தோறும் முதலடியின் பேரன் ஒரு கட்டுக் கதிர் கொண்டுவந்து தருவான். வயலுக்கு உடையவர் பங்கு, தாத்தா சொல்லிவிட்டுப் போனது என்பான். பழையதை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டுவேன். கட்டுவதற்கு முன் கதிரை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு காலத்தில் இதன் பூவை ஊசியால் திறந்தவள் நான். ஆனாலும் இது மூன்றா, ஏழா, பதினொன்றா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான்.