வெனிஸின் கடைசிக் கதவு

மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டே நான் வெனிஸ் நகரம் பார்த்தவன் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்குப் பள்ளிக்கூடம் சரிப்படவில்லை. அந்த ஊர் உலகப்படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று இன்றைக்கும் காட்டத் தெரியாது. ஆனால் அதன் தெருக்களில் மூன்று சாயங்காலம் நடந்திருக்கிறேன். கூட்டிப்போனது என் தாய்மாமா.

மாமா கப்பலில் சமையல்காரர். அவருடைய கப்பல் ஏதோ வழக்கில் மாட்டி, இரண்டு வருஷம் வெனிஸ் துறையிலேயே கிடந்ததாம். வழக்கு தீர்ந்து ஆடி மாதம் வீடு வந்து சேர்ந்தார். ஆவணியில் அவருக்கும் என் அக்காவுக்கும் கல்யாணம். அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். மாமா அனுப்பிய படத் தபால் அட்டைகளை அரிசிப்பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தவள் அவள்.

அப்பா கடைத்தெருவில் ஒரு சேட்டின் பாண்டிகசாலைக்குச் சாவிக்காரர். சுக்கும் மிளகும் சாக்குச் சாக்காகக் கூரை வரை அடுக்கியிருக்கும் பெரிய கிடங்கு. சுக்குக்குச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் நாலு தும்மலுக்குக் குறையாது. இப்போதும் தும்மல் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இடம்தான். அடுக்குகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்துகள் ஓடும். கடைசியில் காயலைப் பார்த்து ஒரு பலகைக் கதவு. திறந்தால் கல்படி, அதன் கீழே தண்ணீர். சரக்கு வள்ளங்கள் அங்கேதான் வந்து அணையும். வேலியேற்றத்தில், கடல் தண்ணீர் ஏறி வரும் நேரத்தில், படிகள் முழுகிவிடும்.

முதல் நாள் சாயங்காலம் மாமா அப்பாவிடம் சாவி வாங்கி என்னை உள்ளே கூட்டிப்போனார். விளக்கு ஏற்றவில்லை. மேலே இருந்த சின்ன ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இப்பத்தான் கப்பல்லேந்து எறங்கிருக்கோம்டா. மொத சாயங்காலம். ஊர் பாக்கணும். பேசாம வா."

ஒரு அடுக்கைக் காட்டி மணிக்கூண்டு என்றார். இன்னொன்று கோயில். தெருவெல்லாம் தண்ணீர் என்றார். நம்ம ஊரிலும் வேலியேற்றத்தில் அப்படித்தானே என்றேன்.  பாலம் வருகிறது, படி பார்த்து வை என்று மாமா வெறுந்தரையில் காலைத் தூக்கி வைத்தார். நானும் தூக்கி வைத்தேன். சந்தில் யாரோ எதிரே வந்த மாதிரி ஒதுங்கி வழிவிட்டார். ஒரு இடத்தில் தலையசைத்துச் சிரித்தார். அவர் சிரித்த பக்கம் சாக்குதான் இருந்தது. 

கடைசியில் அந்தப் பலகைக் கதவு. மூன்று தட்டு தட்டி, காதை வைத்துக்கொண்டு நின்றார். வெகு நேரம். பிறகு, "ஆளில்லை, வா" என்று திரும்பினார். மறுநாளும் அதே வழி, அதே பாலம், அதே மூன்று தட்டு.

வேடிக்கை என்று நினைத்து அக்காவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தட்டு?"

"மூணு."

மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் மழை இல்லை. காயல் ஏறிக் கிடந்தது. மாமா தட்டினார். காதை வைத்தார். வெளியிலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

 அந்தப் பக்கம் நிற்க இடமே கிடையாது, தண்ணீர்தான். மாமா திடுக்கிடவில்லை, அதுதான் பயம். நெற்றியைப் பலகையில் சாய்த்து, எனக்குத் தெரியாத பாஷையில் மெதுவாகப் பேசினார். வீட்டுக்கு நேரம் கழித்து வருகிற அப்பா, அம்மாவிடம் சமாதானம் சொல்வாரே, அந்தக் குரல். பிறகு குத்தவைத்து உட்கார்ந்தார். கதவின் அடியில், தவழ்கிற பிள்ளையின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிக் கொஞ்சினார். விரலால் பலகையைச் சுரண்டினார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஆரு மாமா அது?"

என்னை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். "ஆருமில்லடா. வெள்ளம் ஏறி பலகையில தட்டுது."

வீட்டில் அக்கா அடுப்படியில் இருந்தாள். பாவாடை முழங்கால் வரை நனைந்து காயல் வாடை அடித்தது. எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை, காய்ச்சல் வந்துவிட்டது. கதவைப் பேய் தட்டியது என்று வீடு முழுக்கச் சொல்லி அழுதேன்.

மறுநாள் அக்கா கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று அம்மா கேட்டாள், அடித்தும் கேட்டாள். "வேணாம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. என் பேய் உதவிக்கு வந்தது. தண்ணீர்க் கதவில் இருந்தது இவளைப் பிடித்திருக்கிறது என்று மந்திரவாதியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்தார்கள். அக்கா தலைமுடியை விரித்துப்போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மாமா வாசலிலேயே நின்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். கல்யாணம் நின்றது.

பத்து நாளில் மாமா மறுபடி கப்பலுக்குப் புறப்பட்டார். படகு ஏறும் போட்டு ஜெட்டிக்கு அவர் முன்னால் போய்விட்டார். அக்கா ஒரு பொட்டலம் கொடுத்து என்னை ஓடச் சொன்னாள். தெருமுனையில் பிரித்துப் பார்த்தேன். வறுத்த நேந்திரங்காய் உப்பேரி இருந்தால் நாலு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். உப்பேரி இருந்தது. அதன் அடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு கரிவளை, கறுப்பு வளையல். என் மூன்று விரல்கூட நுழையாது.

திரும்பி ஓடினேன். "அக்கா, இது மாமா கையில ஏறாது."

"ஏறும்டா. கொண்டுபோய்க் குடு."

ஜெட்டியில் மாமா பொட்டலத்தைப் பிரித்தார். வளையைப் பார்த்ததும் படகுக்காரன் கூப்பிடக் கூப்பிடக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அளவு தப்பிப்போனதற்கு இத்தனை வருத்தமா என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் தோளைத் தொட்டு, கடை பக்கத்தில்தான், வேண்டுமானால் ஓடிப்போய்ப் பெரிய வளையாக மாற்றி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.