அறுத்த தொட்டில்

வேம்பாருக்கு மேற்கே, பஸ் ரோட்டை விட்டுப் பனைகளுக்குள் இறங்கினால் ஒரு ஊர் வரும். அந்த ஊரில் சந்தனச்செல்வியின் கண்ணில் படாமல் ஒரு பால் கவரைக்கூடத் தெருவில் போட முடியாது. “இந்தா, யாரு வீட்டுக் கவரு இது? காத்து தூக்கிட்டு வந்திச்சாக்கும்?” என்று கவரும் கையுமாக வாசலில் வந்து நிற்பாள். சண்டைக்காரி என்று பேர். போகட்டும், அவளுக்கென்ன சம்பளமா, பதவியா? கணவர் தாணுலிங்கத்தின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையை ஒட்டடை அடித்து, சனிக்கிழமை தோறும் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தாள். ஊர்க் குப்பையைப் பாட்டில் தனி, கவர் தனி, இரும்பு தனி என்று பிரித்து உப்பளத்துச் சாக்குகளில் கட்டுவார்கள். தூத்துக்குடியிலிருந்து காயலாங்கடை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். வருகிற காசு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்கு.

ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது, பின்னால் போய் “பிள்ளையா குட்டியா, அவளுக்கு வேற என்ன வேலை?” என்றும் சொன்னது. அதுவும் அவள் காதில் விழத்தான் செய்தது. பிள்ளையில்லாத வீட்டில் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று சொன்னவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

ஊருக்குத் தெற்கே இசக்கியம்மன் கோவில் ஆலமரம். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் சேலைத் துணியில் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு பொம்மையைக் கிடத்திவிட்டு வருவார்கள். இப்போது சேலையும் நைலான், பொம்மையும் பிளாஸ்டிக். நைந்து விழுந்த துணியைத் தின்று பேச்சிராஜாவின் ஆடு வயிறு ஊதிச் செத்தது. கோவில் கொடைத் திருவிழா வருவதற்குள் மரத்தடியைச் சுத்தம் பண்ணிவிடுவோம் என்று சந்தனச்செல்வி கிளம்பினாள். பூசாரி சுடலைக்கண்ணன் தடுக்கவில்லை.

“கீழ கெடக்கத அள்ளிக்கோ தாயி. மரத்துல கட்டிக் கெடக்கதுல மட்டும் கை வச்சிராத. அது அம்மைக்கு உள்ளது.”

மற்றப் பெண்கள் குளத்துப் பக்கம் பொறுக்கப் போயிருந்தார்கள். தனியாக நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். தாழ்ந்த கிளையில் அவளுடைய தொட்டில். கல்யாணமான புதிதில், மாமியார் கூட நின்று கட்டியது. மாமியாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. நிறம் வெளுத்து, உள்ளே பொம்மை மல்லாந்து கிடந்தது. ‘எனக்குத் தராதவளுக்கு என் தொட்டில் என்னத்துக்கு?’ கத்தரியை எடுத்து அறுத்துச் சாக்குக்குள் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம், கை நிற்கவில்லை. பக்கத்தில் தொங்கியதையும் அறுத்தாள். பிறகு கீழே கிடந்ததையெல்லாம் வாரி மேலே போட்டு மூடினாள். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வீறிட்ட அழுகை இல்லை. அழுது அழுது களைத்த பிள்ளை யாரும் தூக்காமல் தேம்புமே, அந்தத் தேம்பல். கதவைத் திறந்தாள். பூனை இல்லை, ஒன்றும் இல்லை. சாக்குகள் அடுக்கியபடி இருந்தன. சத்தம் நின்றது. பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்திருப்பாள், மறுபடி ஆரம்பித்தது. கடையில் தாணுலிங்கம் என்றைக்கும் இல்லாதபடி ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்.

பேட்டரி பொம்மையாக இருக்கும், சாக்குக்குள் அமுங்கி அழுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் அடுத்த தெரு பானுப்ரியா வந்தாள். ஆறு மாத வயிறு. முகம் பேயறைந்தாற்போல இருந்தது.

“மதினி, என் தொட்டிலக் காணும். மஞ்ச கவுன் போட்ட பொம்மை. காத்துல விழுந்திருக்குமோ? நீங்கதான் கீழ கெடந்தத அள்ளுனீங்களாம்.”

“அதுக்கு ஏன்ளா இப்படி நடுங்குத?”

“நேத்துலருந்து உள்ள அசைவே தெரியல மதினி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதான் வாரேன். துடிப்பு நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்கு.”

விடிந்தால் லாரி வந்துவிடும். “போய்ப் படு, நான் தேடித் தாரேன்” என்று சந்தனச்செல்வி அவளை அனுப்பினாள். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. நைந்து விழுந்த துணி நூல் நூலாகத் தொங்கும், கத்தரி பட்டது நேராக இருக்கும். பார்த்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

சாக்குகளைப் பிரித்து மேலாகக் கிடந்ததையெல்லாம் கிளறினாள். மஞ்சள் கவுன் கிடைத்தது. முதுகைத் திருப்பினாள். பேட்டரி போட இடமே இல்லை. கடைக்கு ஓடிப்போய்க் காட்டினாள்.

“ஏங்க, இது அழுமா?”

“நம்ம கடைப் பொம்மைதான. எது அழுதிருக்கு? பேட்டரி போட்டது விலை கூட, இங்கன யாரு வாங்குவா?” என்றார் தாணுலிங்கம். நிமிரவே இல்லை.

அப்படியானால் இசக்கிக்குத்தான் கோபம். இருட்டுவதற்குள் பானுவைக் கூட்டிக்கொண்டு ஆலமரத்துக்குப் போனாள். பொம்மையைக் கையில் கொடுத்ததும் அதற்கு மேல் நெஞ்சு தாங்கவில்லை.

“காத்து இல்ல பானு. நான்தான் அறுத்தேன்.”

பானு அவளையே பார்த்தாள். “ஏன் மதினி?”

சந்தனச்செல்வி கொண்டுவந்திருந்த புதுத் துணியை எடுத்து நீட்டினாள். பானு திட்டவில்லை. அதில் தொட்டில் கட்டிப் பொம்மையைக் கிடத்திக் கும்பிட்டாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி! அசையுது மதினி!” என்று அழுதாள். அழுதுகொண்டே சந்தனச்செல்வியின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளங்கையில் ஒரு உதை விழுந்தது. ஐயோ, அந்த உதையை அவள் எந்த ஜென்மத்தில் மறப்பாள்!

அம்மையின் கோபம் தீர்ந்தது என்று நிம்மதியாகத் திரும்பினாள். கொட்டகையை நெருங்கினால், தேம்பல் அப்படியே இருந்தது.

இந்தத் தடவை அவளுக்குப் பயம் வரவில்லை. முதலில் அறுத்தது அடியில்தான் கிடக்கும். சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கவரும் துணியும் சரிந்து, கடைசியாக அது விழுந்தது. கண் மை அழிந்து, ஒரு கால் இல்லாமல். வெளுத்த தொட்டில் துணியோடு சேர்த்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். “அழாத, அம்மா வந்துட்டேன்லா” என்றாள். சத்தம் நின்றது.

மரத்துக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. முந்தானையில் மூடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். இவர் கண்டால் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைப்பாரே என்று கூச்சமாக இருந்தது. தாணுலிங்கம் கடையைப் பாதி அடைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ அணைந்திருந்தது. அவள் தோளைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“கெடச்சிட்டா?” என்றார். “ஒரே அழுகை. எனக்குக் கடையில இருப்பே கொள்ளல.”