வலது பக்கத்து சீட்டு

அந்தக் காரோட பேரு எனக்கு வாயில நுழையாது. நுழைய வேண்டிய அவசியமும் இல்ல. எங்க வீட்டுக்காரரு அதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவாரு. போன்ல சொல்லுவாரு, டீக்கடையில சொல்லுவாரு, கோயில்ல அர்ச்சனைத் தட்டோட நிக்கிறப்பவும் பக்கத்து ஆளுகிட்ட சொல்லுவாரு. நான் மஞ்சக் காருன்னு மட்டும்தான் சொல்லுவேன். அப்படிச் சொன்னா அவருக்குச் சுருக்குனு இருக்கும். தெரிஞ்சேதான் சொல்லுவேன்.

நாங்க கொடைக்கானலுக்கு மேல, மலைக்கிராமத்துக்காரங்க. பூண்டு, கேரட்டு, பீன்ஸு, இதுதான் பொழப்பு. அதுபோக எனக்குன்னு ஒரு சோலி இருந்துச்சு. எங்க ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் காய் எடுத்து, வெள்ளனே கிளம்பி, கொடைக்கானல்ல ஏழு ஓட்டலுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். அதுக்காக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தேன். நானேதான் ஓட்டுவேன். ஸ்கூட்டருக்கும் இதுக்கும் சேத்து லைசென்ஸ் எடுத்தப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு. டிரைவிங் டெஸ்ட்டுல என்கூட நின்னதெல்லாம் காலேஜ் பயலுக. அதுல பாதிப் பேரு ஸ்கூட்டர்ல எட்டுப் போடும்போது கால ஊனிட்டான், நான் ஊனல.

வண்டி என் பூண்டுக் காசுல வாங்கினது. ஆனா ஆர்சி புக்குல அவரு பேரு. “பொம்பளை பேர்ல எதுக்கு, செக்போஸ்ட்ல நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேப்பான்”னாரு. நானும் சரின்னுட்டேன். அந்த ஒரு சரிய நெனச்சா இன்னைக்கும் என்னை நானே ரெண்டு அறை அறையலாம்னு வருது.

அவருக்கு என்ன சோலின்னு கேட்டா, வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் கட்டி டூரிஸ்ட்டுக்கு விட்டிருந்தோம், அதைப் பாத்துக்கிறது. வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒரு காருல வருவான். காரைச் சுத்திச் சுத்தி வந்து தடவிப் பாக்குறதுதான் இவரோட விருந்தோம்பல். அப்படித்தான் ஆரம்பிச்சது இந்தக் கிறுக்கு. அவரு அக்கா மகன் ஒருத்தன் துபாய்ல இருக்கான். அங்க பணக்காரனுங்க ரெண்டு வருசம் ஓட்டிட்டு சலிச்சுப்போய் விக்கிற ரேஸ் காரெல்லாம் சல்லிசா வருதுன்னு அவன் போட்டோ போட்டோவா அனுப்பியிருக்கான். இவரு ராவும் பகலும் அந்தப் படத்த விரலால பெருசாக்கிப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. சேத்து வச்ச ரூம் காசையெல்லாம் அவனுக்கு அனுப்புனவரு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிட்டுப் போன மனுசன், கொச்சித் துறைமுகத்துக்குப் போய், கப்பல்ல வந்த காரோட மூணாம் நாள் வந்து நிக்கிறாரு. முருகனையே பொய்க்கு இழுத்த ஆளு, நானெல்லாம் எம்மாத்திரம்.

வந்து நின்னாருன்னு சொன்னேன்ல, எங்க நின்னாரு? கொடைக்கானல்லதான். எங்க ஊருக்கு அந்தக் காரு வராது. தரைக்கும் அதோட வயித்துக்கும் நடுவுல நாலு விரல் வச்சா அஞ்சாவது விரலுக்கு இடமில்ல. எங்க ஊரு ரோட்டுல முதல் பள்ளத்துலயே அடி தட்டி, ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அவரு முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. திருப்பிக்கிட்டுப் போய் டவுன்ல தெரிஞ்சவரு லாட்ஜ்ல நிறுத்தி, படுதா போட்டு மூடி வச்சாரு. அப்புறம் தினமும் காலையில என் பிக்கப்புல, கேரட்டு மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து, தன் காரைப் பாக்கப் போவாரு. எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும். வரல. வயிறுதான் எரிஞ்சுச்சு.

இதவிடக் கூத்து இன்னொண்ணு இருக்கு. அந்தக் காருக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். துபாய்ல அப்படித்தானாம். “அதுதான் அசல் வெளிநாட்டு வண்டிங்கிறதுக்கு அடையாளம்”னு பீத்திக்கிட்டாரு. மலைரோட்டுல இறங்கினப்பதான் சேதி தெரிஞ்சுச்சு. நம்ம ஊர்ல வண்டி இடது ஓரமாப் போகும். முன்னால ஒரு லாரி போனா, வலது பக்கம் உக்காந்திருக்கிறவன் லேசா எட்டிப் பாத்து, எதிர்ல வண்டி வருதான்னு தெரிஞ்சுக்கிட்டுத் தாண்டுவான். இடது பக்கம் உக்காந்திருக்கிறவனுக்கு லாரியோட பின்பலகையத் தவிர ஒண்ணும் தெரியாது. முதல் வாரத்துலயே சில்வர் கேஸ்கேடு அருவிக்கிட்ட குத்துமதிப்பா ஏறப் போய், எதிர்ல வந்த ஜீப்பு உரசி, கண்ணாடி பிஞ்சு தொங்கிச்சு. உசுரு தப்புனது பெரிய விசயம். அன்னையில இருந்து எனக்கு ஒரு புதுச் சோலி வந்து சேந்துச்சு. வலது பக்கத்து சீட்டுல உக்காந்து ரோட்டைப் பாத்துச் சொல்றது.

“போகலாமா?”

“இருங்க, பஸ்சு வருது.”

“இப்ப?”

“ம், போங்க.”

நான் போங்கன்னு சொல்லாம அவரு காலை அமுத்த மாட்டாரு. பொண்ணு கல்யாணத்துல இருந்து பூண்டு விதை வரைக்கும் ஒரு விசயத்துலயும் என் பேச்சைக் கேக்காத மனுசன். இதுல மட்டும் அப்படியே நம்பினாரு. ரோட்டுல போறவங்களுக்கு நான்தான் டிரைவர்னு நெனப்பு. வலது பக்கம்ல உக்காந்திருக்கேன். ஏரிக்கரையில ஒரு டூரிஸ்ட்டுப் பொண்ணு கையைத் தூக்கி, “அக்கா, செம”ன்னுச்சு. போலீஸ்காரர் ஒருத்தரு எனக்கு விறைப்பா ஒரு சல்யூட் வச்சாரு. இவருக்குப் பொறுக்கல. “கையை மடியில வச்சுக்க, நீதான் ஓட்டுறன்னு நெனைக்கிறாங்க”ன்னாரு. அடுத்த ஆளு வந்ததும் நான் வேணும்னே ரெண்டு கையையும் தூக்கி ஸ்டீயரிங் புடிக்கிற மாதிரி வச்சுக்கிட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் அவரு பேசல. நிம்மதியா இருந்துச்சு.

அந்தக் காரு ஆறு மாச அனுமதியில வந்த காரு. ஆறு மாசம் முடிஞ்சா வந்த வழியே கப்பல் ஏறணும். அக்கா மகன் பேர்லயே இருக்கு, இங்க இவரு பேருக்கு மாத்தவே முடியாது. இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. கடைசியில அது கப்பல் ஏறியும் போச்சு. ஆனா அப்ப ஒரு ஏஜென்ட்டு, “பேப்பரெல்லாம் மாத்திக்கலாம், கொஞ்சம் செலவாகும்”னு இவருக்கு நல்லாக் காது குத்தியிருக்கான். அந்தச் செலவுக்கு எங்க போவாரு? வீட்டுல விக்கிறதுக்குன்னு இருந்தது என் பிக்கப்பு.

ஒரு வியாழக்கிழமை ஓட்டலுக்கெல்லாம் காய் போட்டுட்டு வந்து வண்டிய நிறுத்துறேன். வாசல்ல தெரியாத ஆளு ஒருத்தன் நிக்கிறான். இவரு வந்து சாவிக்குக் கையை நீட்டுனாரு.

“வண்டிய அய்யம்பாளையத்துல தேங்காய் வியாபாரி ஒருத்தருக்குப் பேசிட்டேன். இவரு அவரோட டிரைவரு. இப்பக் கொண்டுபோய்ப் பாப்பாங்க. நாளைக்கு நான் போய்க் கையெழுத்துப் போடணும்.”

சாவிய உள்ளங்கையில பொத்திக்கிட்டேன். அப்புறம் கேட்டேன், “அப்ப ஓட்டலுக்குக் காய் எப்படிங்க போகும்?”

“பஸ்சுல போட்டு அனுப்பு. இல்லைன்னா நம்ம காருல கொண்டு போவோம்.”

“அந்தக் காருல ஒரு கட்டு கொத்தமல்லி வைக்க இடமிருக்கா? ஏழு ஓட்டலுங்க. ஒரு நாள் காய் வரலைன்னா மறுநாளே வேற ஆளு புடிச்சிருவான். இது என் வண்டி.”

“ஆர்சி புக்குல யாரு பேரு இருக்கு?”

இதைத்தான் கேட்டாரு. சத்தம் போட்டுக்கூடக் கேக்கல, மணி என்னன்னு கேக்குற மாதிரி கேட்டாரு. கல்யாணமாகி இருபத்திநாலு வருசத்துல எத்தனையோ சண்டை போட்டிருக்கோம், அதெல்லாம் மறந்துபோச்சு. இது மறக்காது. சாவிய அவரு கையில குடுக்கல, தரையில போட்டேன். அவரே குனிஞ்சு எடுத்து அந்த ஆளுகிட்டக் குடுத்தாரு.

மறுநாள் காலையில வந்து நிக்கிறாரு. “கிளம்பு. மூணு மணிக்குள்ள அய்யம்பாளையம் போகணும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேல எமகண்டமாம், அந்த நேரத்துல வண்டி வாங்க மாட்டாராம். சாயங்காலம் அவருக்குத் தேங்காய் லோடு போகணுமாம். அதுக்குள்ள நான் கையெழுத்துப் போடலைன்னா கன்னிவாடிக்காரன் ஒருத்தனோட வண்டிய அவரு வாங்கிக்குவாராம்.”

“அதுக்கு நான் எதுக்கு?”

“நீ இல்லாம வலது பக்கம் யாரு பாப்பா?”

என் வண்டிய வித்துட்டு வர்றதுக்கு என்னையே வழி பாக்கக் கூப்புடுறாரு. கூச்சம்னு ஒண்ணு இருந்தா இந்த வார்த்தை வாயில வருமா? போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் வண்டிய ஒரு தடவை பாத்துட்டாவது வருவோம்னு கிளம்பிட்டேன். சத்தியமாச் சொல்றேன், ஏறி உக்காரும்போது மனசுல வேற ஒரு திட்டமும் இல்ல.

அன்னைக்குக் காயை பஸ்சுல கொண்டுவந்து ஏழு ஓட்டலுக்கும் எப்படியோ சேத்துட்டு, பன்னெண்டு மணிக்கு டவுன்ல இருந்து காருல கிளம்புனோம். வெரசாப் போனா ரெண்டரைக்கெல்லாம் போயிரலாம். பெருமாள்மலை தாண்டினதும் முன்னால ஒரு மர லாரி மாட்டுச்சு. யூகலிப்டஸ் கட்டையை வானம் வரைக்கும் அடுக்கி, முதல் கியர்ல முனகிக்கிட்டே இறங்குது.

“போகலாமா?”

பாத்தேன். எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. ரோடு நீட்டா, துடைச்சு வச்ச மாதிரி கெடக்கு. லாரிக்காரரு வேற கையை வெளிய நீட்டி, போங்க போங்கன்னு சைடு குடுக்குறாரு. அந்தக் கை எனக்குத்தான் தெரியுது, அவருக்குத் தெரியாது.

“இருங்க”ன்னேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரிஞ்சது. நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. ரெண்டு நிமிசம் கழிச்சுத் திரும்பக் கேட்டாரு. “வளைவு வருதுங்க”ன்னேன். மூணாவது தடவை, “பள்ளமாக் கெடக்கு, அடி தட்டும்”னேன். அந்த வார்த்தைக்கு அவரு உடனே அடங்கிட்டாரு. அப்புறம் எனக்குப் படபடப்பே இல்ல.

இடது வளைவுல அவருக்கும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய, வளைவுல எவன் ஏறுவான்? ஊத்துங்கிற ஊரு வந்துச்சு, போச்சு. பின்னால வந்த அரசு பஸ்சு எங்களையும் லாரியையும் சேத்துத் தாண்டிப் போச்சு.

“பஸ்சே போறான், நமக்கு என்ன?”

“அவன் உயரத்துல உக்காந்திருக்கான், அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. வேணும்னா போங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

அவருக்கு ஜீப்பு ஞாபகம் வந்துருச்சு போல. காலை எடுத்துட்டாரு. ஹாரனை அடி அடின்னு அடிச்சாரு. பாவம் அந்த லாரிக்காரரு, எத்தனை தடவைதான் கையை ஆட்டுவாரு. அப்புறம் அவரும் விட்டுட்டாரு. டம்டம் பாறைகிட்ட மணி ரெண்டே முக்கால். அவருக்கு வேர்த்து ஊத்துது. முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல போகும்னு ஊர் பூராச் சொன்ன காரு, கட்டை லாரிக்குப் பின்னால ஊர்ந்துக்கிட்டுப் போகுது. எனக்கு அன்னைக்கு ஒரு துளி இரக்கம் வரல. ஆர்சி புக்குல யாரு பேருன்னு கேட்ட வாய் அது. அதை மட்டுமே நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அய்யம்பாளையம் போய்ச் சேரும்போது நாலு மணி ஆகப்போகுது. தேங்காய்க் குடோன் வாசல்ல கன்னிவாடிக்காரன் வண்டி நிக்குது, நெத்தியில சந்தனம் குங்குமம் வச்சு மாலையெல்லாம் போட்டாச்சு. என் வண்டி ஓரமா ஒரு தென்னை மரத்தடியில நிக்குது.

வியாபாரி நல்ல மனுசன். “மூணு மணிக்குள்ளன்னு சொன்னேன்லங்க. உங்களுக்குப் போன் போட்டேன், மலையில டவர் கிடைக்கல. கோவிச்சுக்கிறாதீங்க”ன்னு சாவிய மேசையில வச்சாரு. இவரு கெஞ்சிப் பாத்தாரு. அவரு தலையை ஆட்டிட்டாரு. நான் சாவிய எடுத்துக்கிட்டேன்.

வெளிய வந்ததும் இவரு என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

“அந்த லாரிக்கு முன்னால ரோடு காலியா இருந்துச்சா?”

“ஆமா, காலியாத்தான் இருந்துச்சு.”

“எத்தனை இடத்துல?”

“எண்ணல.”

அடிப்பாருன்னு நெனச்சேன். அடிக்கல. “உன்னை நம்பித்தானே ஓட்டுனேன்”னாரு.

“நானும் உங்களை நம்பித்தான் உங்க பேர்ல எழுதுனேன். அந்த புக்கை இப்படிக் குடுங்க.”

சட்டைக்குள்ள வச்சிருந்த கவரை எடுத்துக் குடுத்தாரு. பேரு மாத்த அதுக்கப்புறம் ரெண்டு மாசம் என் பின்னாலயே அலைஞ்சாரு, அவரே கையெழுத்தும் போட்டாரு. இப்ப அதுல என் பேருதான் இருக்கு.

நான் பிக்கப்ப எடுத்தேன். அவரு தன் காரை எடுத்தாரு. அதுல வலது பக்கத்து சீட்டு காலி. அடிவாரத்துல காட்ரோடுங்கிற ஊருகிட்ட மலை ஏற ஆரம்பிச்சதும் என் பின்னால வந்து சேந்தவரு, அங்க இருந்து என் பின்னாலயேதான் வந்தாரு. கண்ணாடியில பாத்தா மஞ்சளாத் தெரியுது. என் வண்டி ஏத்தத்துல மெதுவாத்தான் போகும். அவரு பின்னால அஞ்சாறு காரு சேந்து ஹாரன் அடிக்குது.

ஊத்துக்கு முன்னால கொஞ்ச தூரம் ரோடு நேராப் போகும். எதிர்ல ஒண்ணும் வரல. நெசமாவே வரல. இடது ஓரமா ஒதுக்கி நிறுத்திட்டு, அவருக்குத் தெரியிற மாதிரி கையை நல்லா நீட்டி, போங்கன்னு காட்டுனேன். பின்னால இருந்த காரெல்லாம் ஒண்ணொண்ணா எங்க ரெண்டு பேரையும் தாண்டிப் போயிருச்சு. அவரு மட்டும் என் பின்னாலயே நின்னுட்டாரு. கதவைத் திறந்து எறங்கி, “ரோடு காலியாத்தாங்க இருக்கு, சத்தியமா, போங்க”ன்னு சொன்னேன். கண்ணாடிய ஏத்தி வச்சுக்கிட்டு, மாட்டேன்னு தலையை ஆட்டுனாரு.

எனக்கு நாளைக்கு வெள்ளனே ஏழு ஓட்டலுக்குக் காய் போகணும். ஏறி முதல் கியரைப் போட்டேன். அவரும் பின்னாலயே வந்தாரு.