நூல் கோணலாகத் தெரிந்த நாள்

அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர் வைத்தது கூட வேலை பார்ப்பவர்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க மற்ற டைல்ஸ்காரர்கள் உள்ளே குமிழி ஓடும் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இவர் அதைத் தொட மாட்டார். ஒரு கண்ணை மூடுவார், மறு கண்ணால் வரிசையைப் பார்ப்பார், “சரியா இருக்கு” என்பார். சரியாகத்தான் இருக்கும். வரிசைக்கு நூல் பிடிப்பதுகூடக் கண்ணில்லாதவர்களுக்கான ஏற்பாடு என்பது அவருடைய கட்சி. வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அந்தப் பிளந்த வாய்களுக்காகத்தான் அந்த வித்தை, மற்றபடி நூல் பிடித்தால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது என்று இப்போது அவரே சொல்கிறார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் கண் மக்கர் செய்யத் தொடங்கியது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரர்கள் டைல்ஸ் பெட்டியில் எழுத்தைப் பொடியாக்கிவிட்டார்கள் என்றார். வீட்டு விளக்கு மங்கல் என்றார். கை நீளம் போதாமல் போனதும், பெட்டியை மனைவியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து நகர்ந்து படித்தார்.

“இன்னும் ரெண்டு எட்டு போனா பக்கத்து வீட்டுக்காரங்க கேட்பாங்க, என்ன வேணும்னு” என்றாள் அவள்.

முதலில் வாங்கியது நடைபாதையில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி. கிட்டத்தில் பிரமாதம், டைல்ஸ் ஓரத்து மயிரிழை வெடிப்புகூடத் தெரிந்தது. நிமிர்ந்தால் உலகமே வெந்நீர் ஆவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அதைப் போட்டுக்கொண்டே எழுந்து நடந்து, கலவைச் சட்டிக்குள் கால் வைத்தார். அடுத்தது, மேலே தூரத்துக்கு ஒன்று, கீழே கிட்டத்துக்கு ஒன்று, நடுவில் ஒரு கோடு என்று இரண்டு பார்வையுள்ள கண்ணாடி. கோட்டுக்கு மேலே பார்த்தால் படி ஓர் இடத்தில் இருந்தது. கீழே பார்த்தால் இன்னோர் இடத்தில் இருந்தது. இரண்டில் எந்தப் படியில் கால் வைப்பது என்று அவர் முடிவெடுப்பதற்குள், அதற்கும் கீழே ஒரு படியில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவதுதான் கோடில்லாத கண்ணாடி. மேலிருந்து கீழே வர வர, தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று பார்வை தானாக மாறும்.

“ஓரத்துல பார்த்தா நேர்கோடு வளைஞ்சு தெரியும்” என்று கடைக்காரர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். “கண்ணை உருட்டாதீங்க, தலையைத் திருப்புங்க. மூக்கு பார்க்கிற பக்கம்தான் கண்ணும் பார்க்கணும். ரெண்டு வாரத்துல பழகிடும்.”

ரசமட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த நேரத்தில் அவர் கவனித்தது, கடைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகம் தலைமையாசிரியர் முகம்போல ஆகிவிட்டதைத்தான்.

வீட்டில் அன்றைக்குச் சமையலறைத் தரை வேலை நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ வீடுகளுக்கு டைல்ஸ் போட்டவரின் வீட்டில் சமையலறை மட்டும் வெறும் சிமெண்டாகக் கிடந்தது. மனைவி வாய் வலிக்கக் கேட்டு ஓய்ந்த பிறகு, அவளுடைய தம்பியே வேலையைக் கையில் எடுத்திருந்தான். மச்சான் பல வருஷமாக ரசமட்டத்துடன் வேலை செய்கிறவன், காதோரம் நரைத்துவிட்டது. நூல் பிடிக்காமல் ஒரு கல்லை வைக்க மாட்டான். இப்போது ஒரு கான்ட்ராக்டர் முழு வீட்டு வேலையை அவனை நம்பித் தனியாகக் கொடுக்க முன்வந்திருந்தார். ஒரே நிபந்தனை: சமையலறைத் தரையைப் பார்த்துவிட்டு ரசமட்டம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ரசமட்டம் புதுக் கண்ணாடியோடு வந்து வாசற்படியில் நின்றார். தரை ஆற்றுத் தண்ணீர்போல அசைந்தது. கடைசி வரிசை வளைந்திருந்தது.

“மாப்ள, இது என்ன வாழைப்பழம் மாதிரி இருக்கு?”

“இல்ல மாமா, நூல் பிடிச்சுத்தான் போட்டேன்.”

“நூல் பிடிச்சியா, நூல் நூத்தியா?”

அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் ஃபோனில் வந்தார். “இன்னும் ஆறு மாசம் என்கூடவே இருக்கட்டும் சார். கண்ணு இன்னும் படியல அவனுக்கு” என்று சொல்லிவிட்டு ரசமட்டம் ஃபோனை வைத்தார். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி வரிசையைப் பெயர்த்தான்.

ரசமட்டம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு வாசலில் உட்கார்ந்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது கோழிக்கு அழகு, மேஸ்திரிக்கு அழகில்லை என்பதால் கண்ணை மட்டும் உருட்டினார்.

“நடுக் கல்லை என் பக்கம் இழு. இன்னும். பக்கத்துக் கல்லையும் கொஞ்சம் இழு.”

“மாமா, வேணாம்.”

“இழுடான்னா.”

வரிசை முடிந்தது. ரசமட்டத்தின் கண்ணுக்கு அது வகிடு எடுத்தாற்போல் நேராக இருந்தது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, தரை எதுக்கு நம்மளைப் பார்த்துச் சிரிக்குது?”

“உனக்குக் கண்ணு சரியில்ல.”

“கண்ணாடி போட்டிருக்கிறது நானா, நீங்களா?”

“மாப்ள, நூலைப் பிடி. இவளுக்குக் காட்டுவோம்.”

அவர் வாயிலிருந்து நூல் என்ற சொல் இப்படி வந்ததே இல்லை. மச்சான் சுவருக்குச் சுவர் நூலைக் கட்டி விறைப்பாக இழுத்தான். ரசமட்டம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நூல் கோணலா இருக்கு” என்றார்.

“இழுத்துக் கட்டின நூல் எப்படிங்க கோணலா இருக்கும்?”

“இழுத்தது பத்தல. இழு மாப்ள.”

இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது. வேறு நூல் கட்டினான்.

“இதுவும் கோணல்தான். ரெண்டும் ஒரே கடையில வாங்கினதா?”

மனைவி கிட்டே வந்தாள். குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோலப் பதமாக அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். நூல் நேராக நின்றது. மச்சான் போட்ட வரிசைகள் எல்லாம் அதற்கு இணையாகப் படுத்திருந்தன. அவர் போடச் சொன்ன வரிசை மட்டும் பல்லை இளித்தது. கண்ணாடியை வாங்கி மறுபடி மாட்டினார். நூல் வளைந்தது, வரிசை நிமிர்ந்தது. கழற்றினார், மாட்டினார். ஒரு தடவையாவது தனக்குச் சாதகமாகத் தெரியாதா என்ற ஆசைதான்.

“அந்தக் கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லல பாரு” என்று ஆரம்பித்தார். கடைக்காரர் சொன்னது அத்தனையும் அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தது.

மச்சான் சிரித்திருந்தால் தேவலை. அவன் நூலைச் சுருட்டிக்கொண்டே, “வேற ஆளைப் பார்த்துடுவாரு மாமா” என்று மட்டும் சொன்னான்.

ரசமட்டம் ஃபோனை எடுத்தார். ‘அவன் திருத்திட்டான் சார், இப்ப சரியா இருக்கு’ என்று சொன்னால் போதும். மச்சானுக்கு வேலை கிடைக்கும், தன் பெயருக்கும் கீறல் விழாது. அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை மெழுகி வைத்துக்கொண்டார்.

“சார், அந்தத் தரை நேராத்தான் இருக்கு.”

“அதுக்குள்ள எப்படி நேராச்சு?”

மெழுகிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மச்சான் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கொத்துக்கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“முதல்லயே நேராத்தான் சார் இருந்துச்சு. புதுக் கண்ணாடியில எனக்கு வளைஞ்சு தெரிஞ்சுது. இப்ப ஒரு வரிசை நிஜமாவே வளைஞ்சிருக்கு. அது நான் போடச் சொன்னது.”

“ரசமட்டம்தானே பேசுறது?” என்று கேட்டார் கான்ட்ராக்டர்.

“அப்படித்தான் சார் கூப்பிடுறாங்க. இன்னிக்குக் குமிழி ஓரமா ஓடிடுச்சு.”

அவர் சிரித்து ஓயும்வரை ரசமட்டம் காத்திருந்தார். “நீங்க சொல்றதை நம்பி அவனுக்குக் கொடுக்கலாமா?” என்றார் கான்ட்ராக்டர்.

“என்னை நம்ப வேணாம் சார். அவனே என்னை நம்பல, நூலைத்தான் நம்புறான். அதனாலதான் சொல்றேன், தாராளமாக் கொடுங்க.”

“சரி, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க.”

ஃபோனை வைத்தபோது மச்சான் கோணல் வரிசையைப் பெயர்க்கத் தொடங்கியிருந்தான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள். பார்த்துவிட்டால் சிரிப்பு வந்துவிடும். ரசமட்டம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டியின் முன் உட்கார்ந்து, தொழிலுக்கு வந்த புதிதில் செய்ததுபோலக் கலவை குழைத்தார்.

மச்சான் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்தான்.

“தண்ணி அதிகம் மாமா.”

‘எல்லாம் இந்தக் கண்ணாடியால வந்தது’ என்று சொல்ல வாயைத் திறந்தவர், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு கை சிமெண்டை அள்ளிப் போட்டார்.