பத்து மணி என்று சொன்னேன்

ஆண்டர்சன்பேட்டை சபையில், காணாமல் போன ஆட்டைத் தேடும் மேய்ப்பராகக் கர்த்தரை நினைக்கும் நல்ல மேய்ப்பர் ஞாயிறன்று வருஷா வருஷம் நான்தான் பேசுவேன். இந்த வருஷம் போதகர், ஆடு மேய்க்கும் செல்வியைப் பேசச் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பது மணி ஆராதனையைப் பத்து மணி என்று அவளிடம் சொன்னேன்.

அவள் வராததால் நானே பேசினேன். எல்லோரும் பாராட்டினார்கள். வெளியே வந்தால் வாசலில் செல்வி நிற்கிறாள், கையெல்லாம் முள் கீறலோடு.

“நீங்க தெரியாம நேரத்த மாத்தி சொன்னதும் நல்லதுக்குதான்க்கா. காலையில ஒரு குட்டி காணாம பூடுச்சு. நந்திதுர்க் சுரங்கம் பக்கம் முள்ளுல மாட்டிக்கினு இருந்துச்சு. தேடிப் புடிச்சிட்டேன்” என்று என் கையைப் பிடித்தாள்.

“தெரியாம சொல்லல செல்வி. பொறாமையில சொன்னேன்.”

அவள் முகம் வாடியது. ஆனால் கையை விடவில்லை. “இன்னாக்கா நீங்க... சரி, வாங்க. ஜெபம் பண்ணலாம்.”

அந்தக் குட்டியைப் போலவே, மேய்ப்பர் தேடி வந்தாலொழிய எனக்கும் வழியில்லை என்பது அன்றுதான் புரிந்தது.