துளசியின் பொலிஸ் படிப்பு எங்கடினிலும் செல்லும்

இது இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். சூரிச்சில் பொலிஸாக இருக்கும் என் அக்காவின் மகள் துளசி, வேறு கன்டோனில், அதாவது சுவிஸின் வேறு மாநிலத்தில், இருக்கும் எங்கடின் பள்ளத்தாக்கில் அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவள் புருசன் அங்கே ஹோட்டலில் சமையல். இரண்டு வருடமாக லீவு நாளில் மட்டும்தான் சந்திப்பு. "நடக்காது" என்று சொல்ல ஒரு தமிழன் வருவான் என்று எனக்குத் தெரியும்.

இன்று வின்டர்தூர் பஸ்ஸில் செல்வம் அண்ணை வந்தார்.

"இஞ்சை படிச்ச பொலிஸ் படிப்பு வேற கன்டோனிலை செல்லாது தம்பி. பிள்ளை திரும்ப முதலிலை இருந்து படிக்க வேணும்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் கதைக்கினம்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எழுந்து நின்று, சாரதிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அந்தச் சான்றிதழ் சுவிஸ் முழுக்கச் செல்லும் அண்ணை! அந்தக் கன்டோன்ரை சட்டத்தை மட்டும் கொஞ்சம் படிச்சாச் சரி. வேலைக் கடிதமும் நேற்று வந்திட்டுது. பொலிஸ் தலைவரே கையெழுத்து வைச்சவர்!"

அண்ணை தான் இறங்கும் இடத்துக்கு இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கிவிட்டார்.

சான்றிதழ் செல்லும் என்பது உண்மை, துளசியே சொன்னாள். கடிதம்தான் இன்னும் வரவில்லை. அதுவரை அண்ணையைக் காண்பவர்கள், "ஓம், அந்தக் கடிதத்தை நாங்களும் பார்த்தனாங்கள்" என்று சொல்லிவிடுங்கோ.