தண்ணீர் முறை இருந்த கெசட்

எப்படிப் புரோகிராம் எழுதப் பழகினீர்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. புத்தகத்தைப் பார்த்துப் பழகினேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முழுக் கதையையும் சொல்லப் போனால் எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் உம்மாவைக் குறை சொல்லத் தொடங்கிவிடுவேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் கல்முனையில் வீட்டோடு கிடந்தேன். உம்மாவின் ஒரே தம்பியான மாமா சவூதியில் வேலை செய்தார். காக்கா, அதாவது என் மூத்த சகோதரன், படித்து முன்னேறட்டும் என்று அவர் ஒரு கம்பியூட்டர் வாங்கி அனுப்பியிருந்தார். டீவியில் பொருத்தி வேலை செய்யும் சின்னப் பெட்டி அது. உம்மா அதைப் பொலித்தீன் உறையோடு ஷோகேசுக்குள், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அதோடு கூட வந்த, விளையாட்டுகள் பதிந்த ஒலிநாடாக் கெசட்டுகளைக் காக்கா இரண்டு வாரம் போட்டுப் பார்த்தான். பிறகு பந்தடிக்கப் போய்விட்டான். யாரும் எனக்குத் தராமலே அது என்னுடையதாயிற்று.

எனக்கு உயர்தரத்தில் கணிதம் படிக்க வேண்டும். அந்தப் பிரிவோ ஆண்பிள்ளைகள் நிறைந்த பாடசாலையில்தான் இருந்தது. "பொம்புளப் புள்ள கணக்குப் படிச்சி என்னத்தக் கிழிக்கப்போறா? கலைப் பாடம் படி, இல்லாட்டி வீட்டுல இரி," என்று வாப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் செவி கொடுக்கும் ஒரே ஆள் மாமா. ஒரு பெண்பிள்ளையின் காரியத்தில் தாய்மாமனைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் எதையும் முடிக்க மாட்டார்கள். மாமா விடுமுறையில் வர இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அந்தப் பெட்டியை வைத்து வாப்பாவின் வேலையையே செய்து காட்டினால் மாமா என் பக்கம் பேசுவார், வாப்பாவின் வாய் அடைபடும் என்பது என் திட்டம்.

வாப்பா வட்டவிதானை. சிறுபோகத்தில் வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது யாருடைய வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைப்பது அவர் பொறுப்பு. அந்த முறை அவர் தலைக்குள் மட்டுமே இருந்ததால் நாள் தவறாமல் வாசலில் சண்டை நடக்கும். அந்த முறையைத்தான் புரோகிராமாக எழுத உட்கார்ந்தேன்.

கூட வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த உதாரணங்களை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் பெட்டி பிழை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். எங்கே பிழை என்று சொல்லாது. கேட்கவும் ஊரில் ஆள் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன். அவர் டீவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். உதாரணத்தில் ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது, ஒரு வரியை எடுத்தால் என்ன ஆகிறது என்று நோண்டி நோண்டித்தான் எனக்குப் புரிந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் வரிகளை முதன்முதல் எழுதியபோது, எங்கே நிறுத்துவது என்று சொல்ல மறந்துவிட்டேன். திரையில் முதலாவது ஆளுக்கே நாள் நாளாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த வாப்பா, "அப்புடியும் ரெண்டு பேர் நம்மட வயல் கண்டத்துல இரிக்கானுகள்தான்," என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

ஆறு வாரத்தில் அது சரியாக ஓடியது. அந்தப் பெட்டியை நிறுத்தினால் எழுதியதெல்லாம் போய்விடும். கெசட்டில் பதிந்து வைக்க வேண்டும். வீட்டில் இருந்த ரேடியோ கெசட் பெட்டியில் வயரைச் செருகி, நாளுக்கு நாள் பதிந்துவந்த அதே ஒரு கெசட்டில் முழுவதையும் பதிந்தேன். போட்டுக் கேட்டால் காது கிழிய ஒரே இரைச்சலாக இருக்கும். மேலே ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டி ஷோகேஸ் தட்டில் வைத்தேன்.

மூன்று நாள் கழித்து அட்டாளைச்சேனையில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்து பார்த்தால் கெசட்டைக் காணவில்லை.

"அதா? அத ஒன்ட மாமாக்குப் பேசி அனுப்பிட்டன் மகள். அடுத்த தெருப் பொடியன் சவூதிக்குப் போறான் எண்டான், குடுத்துட்டன்," என்றார் உம்மா, மீன் கழுவியபடியே.

அந்த நாளில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் கடிதம் எழுதுவது குறைவு. கெசட்டில் பேசி அனுப்புவார்கள். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, கடைசியில் கொண்டுவர வேண்டிய சாமான்களைச் சொல்லி முடிப்பார்கள். உம்மாவுக்கு அதில் நல்ல கை.

"அதுக்குள்ள என்ட புரோகிராம் இருந்திச்சே! போட்டுக் கேட்டுப் பாத்திருக்கலாமே உம்மா!"

"கேட்டனே. ஒரே இரைச்சல். வெத்துக் கெசட்டுத்தானே எண்டு நெனச்சன்."

இது நியாயமா? சொல்லுங்கள். ஆறு வாரத்து வேலைக்கு மேலே என் உம்மா பால்மாவும் தைலமும் கேட்டுப் பேசியிருக்கிறார்! கத்தினேன், சாப்பிடாமல் படுத்தேன், ஒரு வாரம் அவரோடு கதைக்கவே இல்லை. கொப்பியில் பாதிதான் இருந்தது. மீதியெல்லாம் திரையில் பார்த்துத் திருத்தியவை.

வேறு வழியில்லாமல் முதலிலிருந்து எழுதினேன். இரண்டாம் தரம் எழுதியபோது பாதி வரிகள் தேவையே இல்லை என்று தெரிந்தது. அதையும் உம்மாவிடம் சொல்லவில்லை. அவரோ டீவி பார்க்க வந்த மாமிமாரை வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பினார், காக்காவை முன்னறைப் பக்கமே விடவில்லை. இடைக்கிடை வந்து, "இப்ப எங்க நிக்கி மகள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பும்.

மாமா வந்து சேர்ந்த அன்று நான் பெட்டியைத் தயாராக வைத்திருந்தேன். பெயர்களும் நாட்களும் திரையில் வரிசையாக ஏறின. மாமா நின்றபடியே பார்த்தார். பத்து வரி கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"நல்லாரிக்கி. மச்சான், புள்ளைய கணக்குப் படிக்க விடுங்க. நான் வரக்குள்ளயே முடிவெடுத்துட்டுத்தான் வந்தன்," என்றார்.

வாப்பா அவரை ஒரு தரம் பார்த்தார், திரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "மூணாவது ஆள் மௌத்தாகி ரெண்டு மாசம். மகன்ட பேரப் போடு," என்றார். அவ்வளவுதான். நான் கணிதம் படிப்பது அந்த ஒரு சொல்லில் முடிவாயிற்று. என் புரோகிராம் வென்றுவிட்டது என்று நான் நினைத்தேன். மாமா முழுதாகப் பார்க்கவில்லையே என்ற கோபம் மட்டும் மீதி இருந்தது.

மாமாவின் பயணப் பெட்டியில் பால்மாவும் இல்லை, தைலமும் இல்லை. உறை பிரிக்காத பத்துக் கெசட்டுகள் இருந்தன. அவற்றோடு, நான் எழுதி ஒட்டிய பெயரோடு, என் பழைய கெசட்டும் இருந்தது. அதைப் பாய்ந்து எடுத்தேன். புதியவற்றை விட்டுவிட்டு, இதில்தான் பதிவேன் என்று உம்மாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன். பழிக்குப் பழி.

"அழி மகள், அழி. ஒன்ட கெசட்டுத்தானே," என்றார் உம்மா.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம்மா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மாமா அன்று சொல்ல வந்ததை, உம்மா மௌத்தாகிப் பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அந்தக் கெசட்டில் சாமான் என்று உம்மா கேட்டிருந்தது வெற்றுக் கெசட்டுகள் மட்டும்தானாம். மீதி அரை மணித்தியாலமும் என்னைப் பற்றித்தான் பேசியிருந்தாராம். "தம்பி, அவருக்கு முன்னால நான் ஒரு நாளும் எதுத்துக் கதைச்சதில்ல. ஒன்கிட்டக் கதைக்கன். இவள நிப்பாட்ட உடாத," என்று சொல்லி அழுதிருந்தாராம். மாமா அதைத் தன் அறையில் மூன்று தரம் போட்டுக் கேட்டாராம்.

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. கெசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, வயரைச் செருகி, பதியும் பொத்தானை ஆத்திரத்தோடு அழுத்தினேன். வயர் வழியாகப் பதிவதால் வீட்டில் யார் கத்தினாலும் கெசட்டில் விழாது. உம்மாவுக்கு அது தெரியவில்லை. பதிந்து முடியும் வரைக்கும் பேசாமல், கையிலிருந்த கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அடுப்படி வாசலில் அப்படியே நின்றார்.